கட்டடம் எழும்பிவிட்டது, வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது?

(பள்ளி நிர்வாகிகள், வணிகப் பெருமக்கள், இளைஞர்கள் கலந்துகொண்ட கல்விக் கருத்தரங்கில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சிறந்த ஆசிரியர் யார்?" என்ற தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆசிரியப் பணியின் மேன்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்தால் நீங்கள் பாராட்டுவீர்கள். ஆனால் நாளைக் காலை வகுப்பில் போய் உட்காரப்போகும் பிள்ளைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஆகவே இன்று வகுப்பறைக்குள் போய்ப் பார்ப்போம். ஒரே பாடப்புத்தகம், ஒரே மாதிரியான பிள்ளைகள், ஒரே நாற்பத்தைந்து நிமிடம். ஒரு ஆசிரியரிடம் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். பக்கத்து அறையில் கற்றுக்கொள்வதில்லை. இது ஏன்?

இந்தச் சமுதாயத்தின் வணிகர்கள் கல்விக்காக அள்ளிக் கொடுத்தவர்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி (1919), சென்னை புதுக் கல்லூரி (1951), திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி (1951) என்று அந்தக் கொடைக்குச் சாட்சிகள் கம்பீரமாக நிற்கின்றன. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் பள்ளிகள் எழுந்தன. மாடி கட்டினோம். பஸ் வாங்கினோம். டை கட்டிய சீருடையும் வந்துவிட்டது.

ஆனால் பிள்ளைகள் படிக்கிறார்களா? இந்தியக் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சோதிக்கும் 'அசர்' ஆய்வு 2005 முதல் நடந்து வருகிறது. 2022-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 43 பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றிப் படித்தார்கள். மற்றவர்களும் தினமும் பள்ளிக்குப் போய் வருபவர்கள்தான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பது வேறு, கற்பது வேறு என்பதை இந்தக் கணக்கு முகத்தில் அறைந்தாற்போல் சொல்கிறது.

எந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் அதிகம் தேவை?

1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞர், சுமார் 4,000 பள்ளிகளையும் 6 லட்சம் மாணவர்களையும் ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். கட்டடமும் ஆய்வுக்கூடமும் நன்றாக இருந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்றே பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். அறிக்கை வேறு விதமாக வந்தது. பிள்ளையின் குடும்பப் பின்னணிதான் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. கட்டட வசதியால் வரும் வேறுபாடு மிகச் சிறிது என்றது. பள்ளி சார்ந்த அம்சங்களில் ஆசிரியரின் தரத்துக்கே கூடுதல் செல்வாக்கு இருந்தது. அந்தச் செல்வாக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளிடம்தான் அதிகமாகத் தெரிந்தது.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு மோசமான ஆசிரியர் வாய்த்தால் வீடு அதை ஈடுகட்டிவிடும். அத்தா வளைகுடாவில், அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் என்றால் அந்தப் பிள்ளைக்கு எது ஈடு? அதற்கு இருப்பது வகுப்பறை ஆசிரியர் ஒருவர்தான். அவர் சரியில்லை என்றால் அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடும். பிறகு கடையில் எடுபிடி வேலை, அல்லது பாஸ்போர்ட்.

பட்டமா? அனுபவமா?

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பட்டத்தைப் பார்க்கிறோம். பட்டம் வேண்டும், பாடம் தெரியாதவர் பாடம் நடத்த முடியாது. ஆனால் கூடுதலாக ஒரு மேற்பட்டம் இருப்பதால் மட்டும் மாணவர்கள் கூடுதலாகக் கற்பதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அனுபவம் பயன் தருகிறது. அதுவும் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில்தான் வேகமாகக் கூடுகிறது. அதன்பின் ஒருவர் வளர்வதும், ஒரே ஆண்டின் பாடத்தை முப்பது முறை திரும்ப நடத்திவிட்டு ஓய்வு பெறுவதும் அவர் வகுப்பில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

முதலில் அவர் வகுப்பில் இருக்க வேண்டும். 2003-இல் இந்திய அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்றார்கள். நான்கில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. ஏறத்தாழப் பாதிப்பேர்தான் அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நமது பள்ளிகளில் ஆசிரியர் வந்துவிடுகிறார். ஆனால் பீரியடில் வருகைப் பதிவுக்குப் பத்து நிமிடம், "சத்தம் போடாதே" என்பதற்கு ஐந்து நிமிடம், கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுத இருபது நிமிடம். மிச்சம் என்ன? நல்லாசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் உள்ளே வரும்போதே செய்ய வேண்டிய வேலை பலகையில் எழுதியிருக்கும். நோட்டை எங்கே வைப்பது, எப்போது பேசுவது, எப்போது கேட்பது என்பதெல்லாம் முதல் மாதத்திலேயே பழக்கமாகிவிடும். அங்கே பிரம்புக்கு வேலையில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. அடிக்குப் பயப்படும் பிள்ளை தன் தவறை மறைக்கும். மறைத்த தவறைத் திருத்த யாராலும் முடியாது.

தவறுக்குள் இருக்கும் அறிவு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 52-இலிருந்து 27-ஐக் கழி என்றால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். சாதாரண ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவார். நல்லாசிரியர், "எப்படிச் செய்தாய், சொல்" என்பார். பிள்ளை சொல்லும்: "ஏழிலிருந்து இரண்டைக் கழித்தேன், ஐந்து. ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தேன், மூன்று." பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அது அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை மக்கு அல்ல. தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. விதியைக் கண்டுபிடித்துவிட்டால் பத்து நிமிடத்தில் சரிசெய்யத் தொடங்கிவிடலாம். கண்டுபிடிக்காவிட்டால் நூறு கணக்குப் போடச் சொன்னாலும் நூறும் தவறாகத்தான் வரும்.

லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-இல் இதைத் தெளிவாக எடுத்து வைத்தார். பாடம் தெரிந்திருப்பது ஓர் அறிவு. அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், எந்த உதாரணம் சொன்னால் எழுந்து நிற்பார்கள் என்று தெரிந்திருப்பது இன்னோர் அறிவு. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அறிவியல் ஆசிரியர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். சரியான விடை எது? மாணவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்போகும் தவறான விடை எது? இரண்டாவதையும் சரியாகச் சொன்ன ஆசிரியர்களின் மாணவர்களே அதிகம் கற்றிருந்தார்கள்.

வணிகர்களுக்கு இது நன்றாகப் புரியும். சரக்கைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர், வாடிக்கையாளர் எதற்குத் தயங்குகிறார் என்று தெரியாவிட்டால் கடை நடத்த முடியுமா?

கடையில் தவறாத கணக்கு

உங்கள் கடைகளிலிருந்தே ஓர் உதாரணம். 0.5, 0.25 இரண்டில் எது பெரியது என்றால் ஆறாம் வகுப்பில் பல பிள்ளைகள் 0.25 என்பார்கள், ஐந்தைவிட இருபத்தைந்து பெரிதல்லவா! ஆனால் அதே பிள்ளை மாலையில் மளிகைக் கடையில் நிற்கும்போது, அரைக் கிலோ கேட்டவருக்குக் கால் கிலோ நிறுத்துக் கொடுத்ததுண்டா?

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வியாபாரத்தின்போது அவர்கள் போட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மட்டுமே சரி. நம் நாட்டில் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பல பொருள்களின் விலையை மனத்திலேயே கூட்டிப் பெருக்கிச் சில்லறை கொடுக்கும் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தைக்கே போகாத பள்ளி மாணவர்கள் புத்தகக் கணக்கில் தேவலை. சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

இரண்டு அறிவுக்கும் நடுவே பாலம் போடுவது யார் வேலை? ஆசிரியர் வேலை. "அரைக் கிலோவை எப்படி எழுதுவாய்? கால் கிலோவை எப்படி எழுதுவாய்?" என்று கேட்டு, தராசையும் தசமப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுபவர் அந்தப் பாலத்தைப் போட்டுவிடுகிறார். "கடைக்காரன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்பவர், பிள்ளை கையோடு கொண்டுவந்த முதலையே தூக்கி எறிந்துவிடுகிறார்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்

பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்பார் ஆசிரியர். "புரிஞ்சுது சார்!" என்று நாற்பது குரல்கள் ஒன்றாக எழும். இதைவிடப் பெரிய ஏமாற்று வகுப்பறையில் இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் நான்கு பேருக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்கு மணி அடித்தால் போதும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரே ஒரு விநாடி! அதை மூன்று விநாடியாக நீட்டச் சொன்னார். பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். "தெரியாது" என்ற பதிலும், பதிலே இல்லாத மௌனமும் குறைந்தன. இரண்டு விநாடிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, சகோதரர்களே!

இதோடு நாம் அறிந்த ஒரு செய்தியைச் சேர்த்துப் பாருங்கள். முஸ்லிமுக்கு உவமையாக உள்ள, இலை உதிராத மரம் எது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் கேட்டார்கள். எல்லோரும் காட்டு மரங்களை எண்ணிப் பார்த்தார்கள். அது பேரீச்சை என்று இளைஞரான இப்னு உமர் (ரலி) மனத்தில் தோன்றியது. பெரியவர்கள் இருக்கிறார்களே என்று வெட்கப்பட்டு அவர் பேசவில்லை. பிறகு தந்தை உமர் (ரலி) அவர்களிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றார்கள். சொற்பொழிவின் நடுவே ஒரு கேள்வியைப் போட்டு, கேட்பவர்களைச் சிந்திக்க வைத்தது ஒரு பாடம். விடை தெரிந்தும் வாய் திறக்காத இளையவர் ஒருவர் சபையில் இருந்தார் என்பது இன்னொரு பாடம். நம் வகுப்பின் கடைசி பெஞ்சில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்களோ!

பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இரு பிரிட்டிஷ் கல்வியாளர்கள் அதுவரை வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் சொன்னதும் இந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. பாடம் நடக்கும்போதே யாருக்கு எது புரியவில்லை என்று கண்டுபிடித்து, உடனே பாடத்தை மாற்றிக்கொள்ளும் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள். அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கே கூடுதல் லாபம்.

நீங்கள் இரவில் கடையை அடைக்கும் முன் கல்லாவை எண்ணாமல் போவீர்களா? வகுப்பில் மட்டும் அரையாண்டுத் தேர்வு வரை கணக்குப் பார்க்காமல் இருக்கிறோம். நல்லாசிரியர் தினமும் கணக்கு முடிக்கிறார். பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கு கொடுத்து, துண்டுத் தாளில் எழுதி வாங்கிவிடுகிறார். வீட்டில் அதை மூன்று கட்டாகப் பிரிக்கிறார்: தெரிந்தவர்கள், பாதி தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். மறுநாள் பாடம் அந்தக் கட்டுகளிலிருந்து தொடங்குகிறது.

நெற்றியில் ஒட்டும் சீட்டு

இன்னொன்று. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களும் உயர்சாதி மாணவர்களும் ஏறத்தாழச் சமமாகவே செய்தார்கள். அறையில் எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் திறன் குறைந்துவிட்டது. அதே பிள்ளைகள், அதே மூளை! நெற்றியில் ஒட்டிய சீட்டு மட்டும் புதிது.

"பாய் வீட்டுப் பையன், பத்தாவதோடு சவுதி போயிடுவான்" என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்வதும் அப்படி ஒரு சீட்டுதான். அதை ஒட்டுபவர் வெளியாராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் சொந்தப் பள்ளியிலும், நம் சொந்த வீட்டிலும் ஒட்டுகிறார்கள். பெண் பிள்ளைக்கு அதைவிடச் சீக்கிரம் ஒட்டிவிடுகிறார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை

"எங்களால் என்ன செய்ய முடியும்? நாங்கள் ஆசிரியர்கள் இல்லையே" என்று இளைஞர்கள் கேட்கலாம். 2001 முதல் 2003 வரை மும்பை, வதோதரா நகரங்களில் நடந்ததைச் சொல்கிறேன். 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தது. மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளில் பதினைந்து, இருபது பேரைத் தனியாக அழைத்து, தினமும் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க வைத்தது. பொருளியல் அறிஞர்கள் அதை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பின்தங்கிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அந்த ஆய்வாளர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பி.எட். பட்டம் இல்லாத பெண்களால் அது எப்படி முடிந்தது? வகுப்பாசிரியர் 'போர்ஷன்' முடிக்க ஓடிக்கொண்டிருந்தார். இவர்கள் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினார்கள். ரகசியம் அவ்வளவுதான். தமிழகத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் சென்ற செயல்வழிக் கற்றலும், 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இதே எண்ணத்தில் பிறந்தவைதான்.

நீங்கள் மாலை நேர இலவச டியூஷன் நடத்துகிறீர்கள், பாராட்டுகிறேன். ஆனால் அங்கேயும் பள்ளியின் வீட்டுப்பாடத்தையே எழுத வைத்து அனுப்பினால் என்ன பயன்? முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்கள். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் போடச் சொல்லுங்கள். பிறகு வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் நிலை வாரியாகப் பிரியுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். அவன் கூச்சப்படாதபடி தொடங்குங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் சோதியுங்கள்.

நிர்வாகிகளுக்குச் சில வார்த்தைகள்

நிர்வாகப் பொறுப்பில் உள்ள பெரியோர்களே, கோபப்படாமல் கேளுங்கள். பல பள்ளிகளில் ஆசிரியை வாங்கும் சம்பளம், ஜவுளிக்கடை விற்பனையாளர் சம்பளத்தைவிடக் குறைவு. இரண்டு ஆண்டு வேலை கற்றுக்கொண்டு, கை பழகும் நேரத்தில் அவர் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார். நீங்கள் மீண்டும் புதியவரை அமர்த்துகிறீர்கள். ஆகவே உங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் புதியவர் கையில்தான் இருக்கிறார்கள். எந்த வணிகராவது கை தேர்ந்த ஆளை ஆயிரம், இரண்டாயிரத்துக்காக விடுவாரா? அடுத்த மாடி கட்ட வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை இருக்கும் நல்லாசிரியர்களைத் தக்கவைக்கச் செலவிடுங்கள்.

வாயிலில் "நூறு சதவிகிதத் தேர்ச்சி" என்று போர்டு வைக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட்டு அந்த நூறு வந்திருந்தால், அது கழித்துக் கட்டிய கணக்கு. பத்ருப் போர்க் கைதிகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்ற செய்தியை ஒவ்வொரு கல்வி மாநாட்டிலும் சொல்கிறோம். அதிலுள்ள நிபந்தனையைக் கவனித்தோமா? பத்துச் சிறுவர்கள் எழுத்தில் தேர்ச்சி பெற்றால்தான் மீட்புத்தொகை தீர்ந்தது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இத்தனை நாள் பாடம் நடத்தினேன் என்பது போதவில்லை. கற்கச் சிரமப்பட்டவனை விலக்கிவிட்டுக் கணக்கைச் சரிசெய்யும் வழியும் அங்கே இல்லை.

ஆண்டு விழாவுக்கு மட்டும் பள்ளிக்கு வராதீர்கள். மாதம் ஒருநாள் தலைமை ஆசிரியரோடு ஒரு வகுப்பின் பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள். ஆசிரியரைக் குறைகாணப் போகாதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். அரை மணியில் எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள் என்று எண்ணுங்கள். நான்கு நோட்டுகளை வாங்கிப் புரட்டுங்கள். நான்கிலும் ஒரே எழுத்து, ஒரே விடை, ஒரு தவறும் இல்லை என்றால் அது பலகையைப் பார்த்து எழுதியது. ஒவ்வொரு நோட்டிலும் வேறு வேறு தவறும், அதன் பக்கத்தில் ஆசிரியர் கைப்பட ஒரு வரியும், அதன்பின் பிள்ளை திருத்திப் போட்டதும் இருந்தால், அந்த ஆசிரியரை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

அவருக்கு நேரமும் கொடுங்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்துவிட்டு, பிறகு கூடிப் பேசித் திருத்துவார்கள். அவர்கள் பல தலைமுறையாகச் செய்து வரும் வழக்கம் அது. வாரம் ஒரு பீரியடை அதற்காக ஒதுக்கினால் நம் பள்ளிகளிலும் முடியும். அங்கே மூத்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுப்பார். இளையவரிடம் மூத்தவரும் கற்றுக்கொள்வார்.

சகோதரர்களே! நல்லாசிரியர் பிறவியிலேயே வரம் வாங்கி வந்தவர் அல்லர். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தினமும் தேடிப்பார்த்து, அங்கிருந்து கைப்பிடித்து அழைத்துச் செல்பவர். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள முடியும், கற்றுக்கொடுக்கவும் முடியும். அதற்கு நேரமும், கௌரவமான ஊதியமும், துணைக்கு நிற்கும் நிர்வாகமும் வேண்டும். வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எத்தனை அறை கட்டினோம் என்று கேட்பதற்கு முன், போன ஆண்டு படிக்கத் தெரியாதிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கையை நிர்வாகக் கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள்.

இறைவன் நம் முயற்சிகளுக்குத் துணை நிற்பானாக! வஸ்ஸலாம்.